கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் இத்தனை வலுவான பெண்கள் எப்படி வந்தார்கள்?

நூலகத்துப்பூனை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாசிப்புக் குழுவில் இந்த முறை கிரேக்க நாடகங்களை எடுத்திருக்கிறோம். ஆன்டிகனி முடிந்தது, மெடியாவில் பாதி வந்திருக்கிறோம். யாருக்கும் கிரேக்கம் தெரியாது, எல்லாம் மொழிபெயர்ப்பில்தான்.

எனக்கு ஒரு விஷயம் பிடிபடவே இல்லை. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டு ஏதென்ஸில் பெண்ணுக்கு ஓட்டு கிடையாது, மக்கள் சபையில் பேச முடியாது, வழக்கு என்று வந்தால்கூட அப்பாவோ கணவனோ அண்ணனோதான் அவள் சார்பில் போய் நிற்க வேண்டும். நாடகம் எழுதியவர்கள் ஆண்கள், பெண் வேஷம் உட்பட எல்லாவற்றையும் நடித்தவர்கள் ஆண்கள், கோரஸில் ஆடிப் பாடியவர்கள் ஆண்கள், பரிசு யாருக்கு என்று சொன்ன நடுவர்களும் ஆண்கள். ஆனால் மேடையில் பார்த்தால் கிளைடெம்னெஸ்ட்ரா, ஆன்டிகனி, மெடியா, ஹெகுபா, ஃபேத்ரா என்று வரிசையாகப் பெண்கள். இன்று முழுதாகக் கிடைத்திருக்கும் 32 துன்பியல் நாடகங்களில் ஒரு பெண் பாத்திரம்கூட இல்லாதது சோஃபோக்ளிஸின் ஃபிலோக்டீட்டஸ் ஒன்றுதானாம்.

குழுவில் இதை வைத்துச் சண்டையே வந்துவிட்டது. பாதிப் பேர், மெடியாவை எழுதிய யூரிப்பிடிஸ் பெண்களுக்காகப் பரிந்து பேசியவர் என்கிறார்கள். மீதிப் பேர், அதெல்லாம் கிடையாது, பெண்ணைக் கொஞ்சம் விட்டுவைத்தால் என்ன ஆகும் பார் என்று ஆண்களை எச்சரிக்க எழுதியது என்கிறார்கள். நான் நடுவில் மாட்டிக்கொண்டு முழிக்கிறேன். படித்தவர்கள் சொல்லுங்களேன்.

---

தாழ்வாரம் எழுதியது:

ஆதரவா எதிர்ப்பா என்று ஆரம்பித்தால் விடிய விடியப் பேசலாம், ஒன்றும் தேறாது. மெடியாவையே படித்துக்கொண்டிருக்கிறீர்கள், அதிலேயே நிற்போம்.

நாடகம் மேடையேறியது கி.மு. 431 வசந்தத்தில், டயோனிசஸ் திருவிழாவின் நாடகப் போட்டியில். மூன்றாமிடம்தான் கிடைத்தது, அதாவது போட்டியில் கடைசி இடம். முதல் பரிசு ஈஸ்கிலஸின் மகன் யூஃபோரியனுக்கு, இரண்டாவது சோஃபோக்ளிஸுக்கு. அந்த வருடம்தான் ஸ்பார்ட்டாவோடு பெரிய போரும் தொடங்கியது.

மெடியா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வந்து கொரிந்து நகரத்துப் பெண்களிடம் பேசும் முதல் பேச்சை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். நாம் ஏராளமான பணத்தைக் கொட்டி ஒரு கணவனை வாங்குகிறோம், வாங்கி அவனையே நம் உடம்புக்கு எஜமான் ஆக்கிக்கொள்கிறோம், அவன் நல்லவனா கெட்டவனா என்பது அப்புறம்தான் தெரியும், பிடிக்காமல் பிரிந்து வந்தால் கெட்ட பெயர் நமக்குத்தான், அவனுக்கு வீட்டில் சலித்துப்போனால் வெளியே போய்விடுவான், நாம் அந்த ஒரு முகத்தையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்கிறாள். பெண்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறார்கள், ஆண்கள்தான் ஈட்டி பிடிக்கிறார்கள் என்பவர்களுக்குப் பதிலாக, ஒரு தடவை பிள்ளை பெறுவதைவிட மூன்று தடவை கேடயத்தோடு போய் நிற்பேன் என்கிறாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் உண்மையிலேயே கேடயம் பிடித்துப் போருக்குப் போகிறவர்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

ஆனால் அந்தப் பேச்சின் முடிவை யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. உங்கள் நிலைமை வேறு, என் நிலைமை வேறு என்று கோரஸ் பெண்களிடம் சொல்கிறாள். உங்களுக்கு ஊர் இருக்கிறது, அப்பா வீடு இருக்கிறது, எனக்கு எதுவும் இல்லை. இது ஏதென்ஸ்காரனுக்கு உடனே உறைக்கும். அங்கே பெண் கல்யாணமாகிப் போகும்போது சீதனம் கூடவே போகும், விவாகரத்து ஆனால் கணவன் அதைத் திருப்பித் தர வேண்டும், தராவிட்டால் ஆண்டுக்கு 18 சதவீத வட்டி கட்ட வேண்டும். அவளைத் திரும்ப அழைத்துக்கொள்ள அப்பாவோ அண்ணனோ இருப்பார்கள். பெண் நிர்க்கதியாகாமல் இருக்க அந்தச் சமூகம் வைத்திருந்த ஒரே தடுப்பு அதுதான். மெடியா என்ன செய்தாள்? கணவன் ஜேசனுக்காக அப்பாவை ஏமாற்றினாள், தம்பியைக் கொன்றாள், கருங்கடலின் கிழக்குக் கோடியிலிருந்து அவனோடு ஓடிவந்தாள். அவள் கொண்டுவந்த சீதனம் தங்க ஆட்டுத்தோல், அதைத் திருப்பிக் கேட்க எந்த நீதிமன்றமும் இல்லை. கணவன் விட்டால் அவளுக்குப் போக இடமே கிடையாது.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கி.மு. 451-இல் ஏதென்ஸின் தலைவர் பெரிக்ளிஸ் ஒரு சட்டம் கொண்டுவந்தார்: தாயும் தந்தையும் இருவருமே ஏதென்ஸ்காரர்களாக இருந்தால்தான் பிள்ளைக்குக் குடியுரிமை. ஜேசன் வெளிநாட்டுப் பெண்ணைத் தள்ளிவிட்டு ராஜா மகளைக் கட்டிக்கொண்டு, இதெல்லாம் குடும்ப நன்மைக்குத்தான் என்று வியாக்கியானம் செய்யும்போது, கதை கொரிந்தில் நடந்தாலும், பார்த்துக்கொண்டிருந்த பல பேருக்கு அது தெரிந்த கணக்காகவே இருந்திருக்கும். (கொஞ்ச காலத்துக்குள் பெரிக்ளிஸே கொள்ளைநோயில் சட்டப்படியான மகன்களை இழந்துவிட்டு, மிலேட்டஸ்காரி அஸ்பாசியாவுக்குப் பிறந்த மகனுக்கு விதிவிலக்காகக் குடியுரிமை கேட்டு வாங்க வேண்டியிருந்தது, அது தனிக்கதை.)

இப்போது இரண்டாம் பாதிக்கு வருவோம். நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்றால் மன்னிக்கவும், 2400 வருடத்துக்கு மேலான கதை என்பதால் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளைக் கொல்ல முடிவெடுக்கும்போது மெடியா பேசுவது ஒடுக்கப்பட்ட மனைவியின் பேச்சே அல்ல. எதிரிகள் என்னைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, என்னை யாரும் பலவீனமானவள் என்று நினைக்கக் கூடாது, பகைவருக்குக் கொடியவள், நண்பருக்கு நல்லவள் என்று பெயர் நிற்க வேண்டும் என்கிறாள். இது டிராய்ப் போரின் வீரர்கள் அகிலிஸும் ஏஜாக்ஸும் பேசும் பாஷை. ஆண் வீரர்களுக்கு உரிய மான உணர்ச்சியை அப்படியே எடுத்து ஒரு தாயிடம் கொடுத்துவிட்டு, இதன்படி நடந்தால் என்ன ஆகும் என்று யூரிப்பிடிஸ் கடைசிவரை ஓட்டிக் காட்டுகிறார். அதனால் அவளைப் பெண்ணுரிமைப் போராளி என்பவர்களும் அரக்கி என்பவர்களும் நாடகத்தில் பாதியைத்தான் படிக்கிறார்கள் என்பது என் கட்சி.

---

முட்டைபரோட்டா எழுதியது:

தாழ்வாரம் சார், நன்றாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் மெடியா ஒன்றை வைத்துக்கொண்டு முழுக் கூட்டத்துக்கும் நற்சான்றிதழ் கொடுக்க முடியாது. நான் பூனையின் குழுவில் இருந்தால் இரண்டாம் கட்சியில்தான் உட்காருவேன்.

ஓரெஸ்டியாவை எடுங்கள், கி.மு. 458, ஈஸ்கிலஸின் மூன்று நாடகத் தொடர். முதல் நாடகத்தில் கிளைடெம்னெஸ்ட்ரா மேடையையே ஆள்கிறாள். டிராய் விழுந்த செய்தி மலைக்கு மலை தீ மூட்டி எப்படி வந்து சேர்ந்தது என்று ஊர்ப் பெரியவர்களுக்கு விளக்குகிறாள். கணவனைச் சிவப்புக் கம்பளத்தில் நடக்கவைத்து உள்ளே கூட்டிப்போகிறாள். கொன்ற பிறகு பிணத்தின் மேல் நின்றுகொண்டு, மூன்று தடவை வெட்டினேன், ரத்தம் என் மேல் தெறித்தது, மழைக்குப் பயிர் மகிழ்வதுபோல மகிழ்ந்தேன் என்கிறாள். பெரியவர்கள் பதறுகிறார்கள். அப்போது அவள் கேட்கும் கேள்வி நியாயமானது: இந்த ஆள் என் மகள் இஃபிஜீனியாவை ஆட்டுக்குட்டி மாதிரிப் பலி கொடுத்தானே, அன்றைக்கு ஏன் யாரும் இவனை ஊரைவிட்டுத் துரத்தவில்லை?

அந்தக் கேள்விக்கு என்ன பதில் கிடைத்தது என்று மூன்றாம் நாடகத்தில் போய்த் தேடுங்கள். தாயைக் கொன்ற மகன் ஓரெஸ்டஸை ஏதென்ஸில் விசாரிக்கிறார்கள். அப்போலோ தெய்வம் அவனுக்கு வக்கீல். அவர் வாதம் என்ன தெரியுமா? தாய் என்பவள் பிள்ளைக்குப் பெற்றோரே அல்ல, தந்தை விதைத்ததை வைத்து வளர்க்கிறவள், அவ்வளவுதான். சாட்சி? இதோ தாயில்லாமல் பிறந்த தெய்வம் அதீனா. அதீனாவும், என்னைப் பெற்றவள் யாரும் இல்லை, நான் எல்லாவற்றிலும் ஆண் பக்கமே என்று சொல்லி ஓட்டைப் போடுகிறாள். ஓட்டுகள் சமம், ஓரெஸ்டஸ் விடுதலை. வழக்கு முழுக்க இஃபிஜீனியா என்ற பெயரே வரவில்லை. முதல் நாடகத்தில் கொலைக்குக் காரணமாக இருந்த பெண் கடைசி நாடகத்தில் காணாமலே போய்விட்டாள்! ஓரெஸ்டஸைத் துரத்திவந்த பழிவாங்கும் பெண் தெய்வங்களுக்கும் பூமிக்கு அடியில் ஒரு இடம் கொடுத்து, மரியாதை செய்து, சாந்தமாக இருங்கள் அம்மா என்று அனுப்பிவைக்கிறார்கள்.

நல்ல பெண் என்றால் யார்? கி.மு. 438-இல் வந்த அல்செஸ்டிஸ். கணவன் சாகவேண்டிய நாளில் அவனுக்குப் பதிலாகத் தான் செத்துப்போகிறவள். கடைசியில் ஹெராக்ளிஸ் அவளை மரணத்திடமிருந்து மீட்டு முக்காடு போட்டுக் கூட்டிவரும்போது ஒரு வார்த்தை பேசமாட்டாள். மூன்றாம் நாள்வரை பேசக்கூடாதாம். வசதி!

ஃபேத்ராவைப் பற்றி யூரிப்பிடிஸ் இரண்டு நாடகம் எழுதினார். முதலாவதில் அவள் வெட்கமில்லாமல் கணவனின் மகனிடம் ஆசையைச் சொன்னாளாம், அது எடுபடவில்லை. இரண்டாவதில் அவளை ஆசையை மறைத்து மறைத்துச் சாகிறவளாக மாற்றி எழுதினார், கி.மு. 428-இல் முதல் பரிசு வாங்கியது. பார்வையாளர்களுக்கு எப்படிப்பட்ட பெண் வேண்டியிருந்தாள் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? அரிஸ்டாட்டில் பிற்காலத்தில் வந்து, பெண் பாத்திரம் நல்லவளாக இருக்கலாம், ஆனால் வீரமோ சாமர்த்தியமோ அவளுக்குப் பொருந்தாது என்று விதியே எழுதிவைத்தார்.

---

எறும்புவரிசை எழுதியது:

நான் நாடகக்காரன், புத்தகத்தைவிட மேடையிலிருந்து யோசித்துப் பழகியவன், அதனால் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன்.

பேசும் பாத்திரங்கள் எத்தனை இருந்தாலும் மூன்றே நடிகர்கள். முகமூடியை மாற்றிக்கொண்டு வந்து வந்து போவார்கள். நம் கூத்திலும் பழைய நாடகக் கம்பெனிகளிலும் ஸ்திரீபார்ட் என்று தனியாக ஒருவர் இருந்தார், அவருக்கு அதுவே அடையாளம். ஏதென்ஸில் அப்படி இல்லை. ஒரே ஆள் ஒரு காட்சியில் பெண், அடுத்த காட்சியில் ஆண். இதைக் கவனித்தால் சில நாடகங்கள் வேறு மாதிரித் தெரியும்.

சோஃபோக்ளிஸின் டிராக்கினியப் பெண்கள் என்ற நாடகம். யாரும் அதிகம் பேசாதது, எனக்கு மிகப் பிடித்தது. ஹெராக்ளிஸின் மனைவி டெயானிரா, கணவன் போரில் பிடித்த ஒரு இளம்பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டான் என்று தெரிந்ததும், அவன் அன்பைத் திரும்பப் பெற ஒரு வசிய மருந்தைத் துணியில் தடவி அனுப்புகிறாள். அது விஷம். தெரிந்ததும் உள்ளே போய்விடுகிறாள். என்ன நடந்தது என்று செவிலி வந்து சொல்கிறாள்: ஹெராக்ளிஸின் படுக்கையில் ஏறி உட்கார்ந்து, மேலாடையின் தங்கக் கொக்கியைக் கழற்றி, இடப்பக்கத்தைத் திறந்து, வாளால் குத்திக்கொண்டாள். இந்த நாடகங்களில் பெண்கள் பொதுவாகத் தூக்குப் போட்டுக்கொள்வார்கள். யொக்காஸ்டா, ஃபேத்ரா, ஆன்டிகனி எல்லோரும் அப்படித்தான். வாள் ஆண்களின் சாவு.

அப்புறம்தான் ஹெராக்ளிஸைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், உடம்பெல்லாம் வெந்துபோய். அவன் கதறுகிறான்: நான் ஒரு சிறுபெண்ணைப்போல அழுகிறேனே, இதற்கு முன் என்னை யாராவது இப்படிப் பார்த்ததுண்டா, கடைசியில் நான் பெண்ணாகிவிட்டேனே. டெயானிராவும் ஹெராக்ளிஸும் ஒரு தடவைகூட மேடையில் சந்திப்பதில்லை, அதனால் இரண்டு வேஷத்தையும் ஒரே நடிகர் போட்டிருப்பார் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். அப்படியென்றால், கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பெண் முகமூடியில் இருந்தவளுக்கு ஆணின் சாவு, இப்போது அதே ஆள் உலகத்திலேயே பெரிய பலசாலியின் முகமூடியில் பெண்ணைப்போல அழுகிறான். நாடகத்தில் எந்த அறிவுரையும் கிடையாது, இந்த மாற்று ஒன்றுதான். எனக்கு அது போதும்.

யூரிப்பிடிஸின் பாக்கே நாடகத்திலும் இப்படி ஒன்று. பென்த்தியஸாக நடித்தவரே பிறகு அவனைக் கொன்ற தாய் அகேவியாக வந்திருப்பார் என்று நினைக்கிறார்கள். அவள் கையில் பிடித்துக்கொண்டு வரும் மகனின் தலை, அவரே முந்தைய காட்சியில் போட்டிருந்த முகமூடிதான்.

இன்னொரு விஷயம், பூனைக்கு இது உதவும், ஆன்டிகனி முடித்துவிட்டதாகச் சொன்னீர்கள். கடைசியில் யூரிடிசி வருகிறாளே, கிரியோனின் மனைவி. மகன் ஹேமன் செத்த செய்தியை முழுக்கக் கேட்கிறாள், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போகிறாள். வெளியே நிற்கும் பெரியவர், இத்தனை மௌனம் எனக்குச் சரியாகப் படவில்லை என்கிறார். டெயானிரா போகும்போதும் கோரஸ், ஏன் பேசாமல் போகிறாய், மௌனமாகப் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று கேட்கிறது. ஈடிபஸில் யொக்காஸ்டாவும் கடைசியாக ஒரு வரி சொல்லிவிட்டு ஓடுகிறாள், இந்த மௌனத்திலிருந்து ஏதோ கெடுதல் வெடிக்கப்போகிறது என்று கோரஸ் பயப்படுகிறது. மூன்று நாடகம், மூன்று பெண்கள், ஒரே கதவு. பெண் சும்மா இருப்பதே அழகு என்று சொன்ன ஊரில், பெண் சும்மா உள்ளே போனால் வெளியே நிற்பவர்கள் நடுங்குகிற மாதிரி சோஃபோக்ளிஸ் திரும்பத் திரும்பக் காட்சி அமைக்கிறார். முட்டைபரோட்டா, இதை எந்தக் கட்சியில் சேர்ப்பீர்கள்?

ஒரு கொசுறு. கி.மு. நான்காம் நூற்றாண்டில் போலஸ் என்று ஒரு பெரிய நடிகர். எலெக்ட்ராவாக நடிக்கும்போது, தம்பியின் சாம்பல் என்று நினைத்துக் கலசத்தைக் கட்டிக்கொண்டு அழவேண்டிய காட்சியில், சமீபத்தில் இறந்துபோன தன் சொந்த மகனின் சாம்பல் கலசத்தையே எடுத்துவந்து அழுதார் என்று ரோமானிய எழுத்தாளர் ஆலஸ் கெல்லியஸ் எழுதியிருக்கிறார். அழுதது எலெக்ட்ராவா, போலஸா? அந்த ஊரில் இறந்தவர்களுக்காக ஒப்பாரி வைப்பது பெண்களின் வேலை. ஒரு ஆண் அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழ அவருக்கு ஒரு பெண் முகமூடி தேவைப்பட்டிருக்கிறது.

---

நூலகத்துப்பூனை எழுதியது:

ஐயோ, நான் இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. எறும்புவரிசை அண்ணா, யூரிடிசி காட்சியை நாங்கள் அரைப் பக்கத்தில் தாண்டிப் போய்விட்டோம், திரும்பப் படிக்கிறோம்.

ஒரு சந்தேகம். பார்வையாளர்களில் பெண்கள் இருந்தார்களா இல்லையா? அது தெரிந்தால் பாதிக் கேள்வி தீர்ந்துவிடும் என்று தோன்றுகிறது.

---

தாழ்வாரம் எழுதியது:

தீராது. ஆராய்ச்சியாளர்கள் இதை வைத்து இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

பிளேட்டோ ஒரு இடத்தில், நாடகக் கவிதை என்பது பிள்ளைகள், பெண்கள், ஆண்கள், அடிமைகள் எல்லோரையும் ஒன்றாக வைத்துப் பேசும் ஒருவித மேடைப்பேச்சு என்கிறார். அதைப் பார்த்தால் பெண்கள் இருந்த மாதிரி இருக்கிறது. மிகப் பிற்காலத்து ஈஸ்கிலஸ் வரலாறு ஒன்றில், பழிவாங்கும் தெய்வங்கள் மேடைக்கு வந்ததைப் பார்த்துப் பெண்களுக்குக் கருச்சிதைவே ஆனது என்று ஒரு கதை. அதை நம்புவது உங்கள் பாடு.

மறுபக்கம் அரிஸ்டாஃபனிஸ். கி.மு. 411-இல் ஒரு நகைச்சுவை நாடகம் போட்டார். பெண்கள் மட்டும் கூடும் தெஸ்மோஃபோரியா திருவிழாவில், யூரிப்பிடிஸ் எங்களைப் பற்றித் தப்புத் தப்பாக எழுதுகிறான், அவனுக்கு என்ன தண்டனை கொடுக்கலாம் என்று பெண்கள் கூட்டம் போடுகிறார்கள். ஒருத்தி சொல்லும் புகார் இது: இவன் நாடகத்தைப் பார்த்துவிட்டுப் புருஷன்மார்கள் நேரே வீட்டுக்கு வந்து எங்களை ஒரு மாதிரி பார்க்கிறார்கள், உள்ளே எவனாவது ஒளிந்திருக்கிறானா என்று தேடுகிறார்கள். மனைவியும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருந்தால் இந்த ஜோக் எப்படி எடுபடும் என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அதைவிட அது காட்டும் இன்னொரு விஷயம்தான் முக்கியம். யூரிப்பிடிஸ் பெண்களுக்கு ஆதரவா எதிர்ப்பா என்ற உங்கள் குழுவின் சண்டை, அவர் உயிரோடு இருக்கும்போதே ஏதென்ஸில் எல்லோரும் சிரிக்கிற அளவுக்கு ஊர்ப் பேச்சாக இருந்திருக்கிறது.

---

கிழக்குச்சாளரம் எழுதியது:

தாமதமாக வருகிறேன். முட்டைபரோட்டா தம்பி, ஓரெஸ்டியா பற்றி நீங்கள் சொன்னதில் எனக்கு ஒரு எழுத்துகூட மாற்றமில்லை. அந்தத் தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கும் பற்றிக்கொண்டு வரும். ஆனால் நல்ல பெண் என்றால் அல்செஸ்டிஸ் என்று அங்கேயே நிறுத்திவிட்டீர்கள். டிரோயப் பெண்கள் (டிராய் நகரத்துப் பெண்கள்) நாடகத்தைப் படித்துவிட்டு வாருங்கள், நல்ல பெண்ணுக்கு என்ன கதி என்று யூரிப்பிடிஸே சொல்லியிருக்கிறார்.

போர் தொடங்கிய முதல் குளிர்காலத்தில் பெரிக்ளிஸ் இறந்த வீரர்களுக்கு அஞ்சலி உரை ஆற்றினார், வரலாற்றாசிரியர் துசிடிடிஸ் எழுதிவைத்திருக்கிறார். அதில் விதவைகளுக்கு ஒதுக்கியது சில வரிகள். நல்லதோ கெட்டதோ, ஆண்கள் நடுவில் யாருடைய பெயர் மிகக் குறைவாக அடிபடுகிறதோ அவளுக்கே பெரிய புகழ். வந்த துக்கத்துக்கு அரசாங்கம் சொன்ன ஆறுதல் அவ்வளவுதான்.

அதற்குப் பதினைந்து வருடம் கழித்து, கி.மு. 415-இல் டிரோயப் பெண்கள். அதற்குச் சில மாதங்கள் முன்புதான் ஏதென்ஸ் மீலோஸ் தீவைப் பிடித்து, வயது வந்த ஆண்களைக் கொன்று, பெண்களையும் குழந்தைகளையும் அடிமைகளாக விற்றிருந்தது. மேடையில் நகரம் எரிந்துகொண்டிருக்கிறது, ஆண்கள் எல்லோரும் செத்தாயிற்று, பெண்கள் யார் யாருக்குப் பங்கு என்று தெரிவதற்காகக் காத்திருக்கிறார்கள். டிராய் வீரன் ஹெக்டரின் மனைவி ஆண்ட்ரோமகி வருகிறாள். அவள் சொல்வதைக் கேளுங்கள். நல்ல மனைவி என்ற பெயருக்குக் குறி வைத்தேன். வெளியே போகும் ஆசையை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்தேன். பெண்களின் வம்புப் பேச்சை வாசலுக்குள் விடவில்லை. கணவன் எதிரில் நாக்கையும் கண்ணையும் அடக்கிவைத்தேன், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும், எங்கே விடக்கூடாது என்று தெரிந்திருந்தேன். அந்த நல்ல பெயர் கிரேக்கர்களின் பாசறைவரை போனது, அதுவே என்னை அழித்தது. பிடிபட்டதும் அகிலிஸின் மகன் என்னைத்தான் கேட்டான்.

அவள் கணவனைக் கொன்றது அகிலிஸ். அவன் மகன் வீட்டுக்கு அடிமையாகப் போகப்போகிறாள், காரணம் அவள் அடக்கமானவள் என்று பெயர் எடுத்தது. பெரிக்ளிஸ் சொன்னதை வரிக்கு வரி கடைப்பிடித்த ஒருத்தியைக் கொண்டுவந்து நிறுத்தி, பெயர் அடிபடாமல் இருந்ததாலேயே பெயர் அடிபட்டுவிட்டது என்று சொல்லவைக்கிறார். இதை எழுதியவருக்குப் பெண்களைப் பற்றிப் பயம் மட்டும்தான் இருந்தது என்று என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

அடுத்தது இன்னும் மோசம். அவள் பேசி முடித்த கொஞ்ச நேரத்தில் கிரேக்கர்களின் தூதன் வருகிறான், சொல்ல வாய் வராமல் தடுமாறுகிறான்: குழந்தை ஆஸ்டியானக்ஸை மதில்மேலிருந்து தள்ளிவிட முடிவாகியிருக்கிறது. தாயைக் கப்பலில் ஏற்றிவிடுகிறார்கள், பிணத்தைப் பாட்டி ஹெகுபாதான் அடக்கம் செய்ய வேண்டும். பெட்டி கிடையாது, ஹெக்டரின் கேடயத்தில் வைத்துக் கொடுத்தனுப்புகிறார்கள். அந்தக் கேடயத்தைப் பார்த்துக் கிழவி பேசுவது, கைப்பிடியில் என் மகனின் கை பதிந்த தடம் இருக்கிறது, தாடையை அணைத்துவைத்துப் போரிடும்போது வழிந்த வியர்வையின் கறை விளிம்பில் இருக்கிறது என்று. எல்லோரும் கேடயத்தை எதிரியின் பக்கத்திலிருந்து வர்ணிப்பார்கள், இவள் அதன் உள்பக்கத்தைப் பார்க்கிறாள்.

அந்த வருடம் முதல் பரிசு செனோக்ளிஸ் என்பவருக்குப் போனது, யூரிப்பிடிஸுக்கு இரண்டாவது. செனோக்ளிஸின் நாடகம் ஒன்றுகூட இன்று முழுதாக இல்லை.

யூரிப்பிடிஸைத் தூக்கிக் கொண்டாடச் சொல்லவில்லை. அதே நாடகத்தில் ஹெலனை ஹெகுபாவே குற்றவாளிக் கூண்டில் ஏற்றி வறுத்தெடுக்கிறாள், போர் தொடங்கிய பழி முழுக்க ஒரு பெண் தலையில் விழுகிறது, அவள் கணவன் மெனலாஸ் பெரிய யோக்கியன்போல நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். அதுவும் அவர் எழுதியதுதான்.

---

முட்டைபரோட்டா எழுதியது:

சரி அக்கா, டிரோயப் பெண்கள் நான் படித்ததில்லை, படிக்கிறேன். ஆனால் ஓரெஸ்டியா பற்றிச் சொன்னதில் ஒரு அங்குலம் நகரமாட்டேன். பரிந்து எழுதினாலும் பேனா ஆண் கையில்தான் இருந்தது. சாஃபோ மாதிரிப் பெண் கவிஞர்கள் கிரேக்கத்தில் இருந்தார்கள், ஆனால் ஏதென்ஸ் நாடகப் போட்டியில் ஒரு பெண்ணின் நாடகம்கூட நமக்கு வந்து சேரவில்லை. மெடியா கோரஸே பாடுகிறதே, நதிகள் தலைகீழாக மலைக்கு ஓடுகின்றன, இனிமேல் பெண்களுக்கும் புகழ் வரும், பாட்டுத் தேவன் நமக்கு யாழைக் கொடுத்திருந்தால் ஆண்களைப் பற்றி நாமும் எதிர்ப்பாட்டு பாடியிருப்போம் என்று. அதைப் பாடியதும் முகமூடி போட்ட ஆண்கள்தான்.

---

நூலகத்துப்பூனை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மெடியா முடித்ததும் டிரோயப் பெண்கள் என்று குழுவில் சொல்லிவிட்டேன், ஒருவர்கூட எதிர்க்கவில்லை. மெடியாவின் கடைசிப் பகுதியை வரும் சந்திப்பில் ஆளுக்கொரு பாத்திரமாக வாய்விட்டு வாசிக்கப் போகிறோம். எறும்புவரிசை அண்ணா, ஏதாவது யோசனை இருக்கிறதா? மெடியாவாக ஒரு ஆண் வாசிக்கலாமா என்று ஒரு பேச்சு ஓடுகிறது.

---

எறும்புவரிசை எழுதியது:

யார் வேண்டுமானாலும் வாசிக்கட்டும், நடிக்க முயற்சி செய்யாமல் வாசித்தால் போதும். அவள் மனம் மாறி மாறி வரும் நீளப் பேச்சை மட்டும் அவசரப்படுத்த வேண்டாம். கொல்ல முடியாது என்கிறாள், எதிரி சிரிப்பானே என்கிறாள், மறுபடி வேண்டாம் என்கிறாள், ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு மூச்சு விடச் சொல்லுங்கள். அதன் நடுவில் பிள்ளைகளின் கையையும் வாயையும் தொட்டுப் பேசும் இடம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அங்கே வசனமே இல்லை, அதனால் இரண்டு பேரைச் சும்மா எதிரே உட்காரவையுங்கள்.

பிள்ளைகள் பேசுவது ஒரே இடத்தில், அதுவும் வீட்டுக்குள்ளிருந்து. அந்த இரண்டு பேரையும் அப்போது பக்கத்து அறைக்கு அனுப்பிக் கதவைச் சாத்திவிடுங்கள். உள்ளே போய்க் காப்பாற்றலாமா என்று கோரஸ் கேட்கும், போகாது. கோரஸாக வாசிப்பவர்கள் எழுந்து நிற்கட்டும், ஆனால் கதவுப் பக்கம் யாரும் நகரக் கூடாது. ஜேசன் வருவதற்குள் ஒரு இடைவெளி விடுங்கள். ஜேசனாக வாசிக்க ஆள் கிடைக்கவில்லை என்றால் முட்டைபரோட்டாவைக் கூப்பிடுங்கள், வாதாடும் குரல் இருக்கிறது.